சூத்திரம் எடுத்த முடிவுக்கு யார் பொறுப்பு? தானியங்கித் தீர்மானங்களைச் சட்டம் அணுகும் விதம்

உதவித்தொகைக்கோ கடனுக்கோ விண்ணப்பித்து மறுக்கப்பட்ட ஒருவர் காரணம் கேட்டால், "எங்கட கையில ஒண்டும் இல்லை, சிஸ்டம்தான் தெரிவுசெய்தது" என்ற பதிலே இப்போது பெரும்பாலும் கிடைக்கிறது. அந்தப் பதில் சட்டத்தின் முன் நிற்குமா என்பதே இக்கட்டுரையின் பொருள். செயற்கை நுண்ணறிவை நெறிப்படுத்தும் சட்டம் பற்றிச் செய்திகள் வரும்போது பலரும் பேசும் கணினிகளையும் போலிக் காணொளிகளையும் நினைக்கிறார்கள். சட்ட ஆய்வாளர்களோ, கலாநிதிப் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு வரை சென்று, இந்தச் சாதாரண மறுப்புக் கடிதத்தைத்தான் கூடுதலாக ஆராய்கிறார்கள். அதற்கான காரணம் புரிய, அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் சில சொற்கள்

1. படிமுறை: ஒரு விடையைப் பெறுவதற்கு வரிசையாகச் செய்யவேண்டிய செயல்களின் தொகுதி. பரீட்சைப் புள்ளிகளைக் கூட்டிச் சராசரி காண்பதும் படிமுறைதான். அதற்குக் கணினி தேவையில்லை.

2. விதிவழி முறைமை: மனிதர் எழுதிவைத்த விதிகளைக் கணினி அப்படியே நிறைவேற்றுவது. "இந்தக் கேள்விக்கு ஆம் என்றால் இத்தனை புள்ளி" என்பது போன்றது. விதி என்ன என்று ஒருவர் கேட்டால், அதை எடுத்துக் காட்ட முடியும்.

3. கற்றல்வழி முறைமை: பழைய தரவுகளைக் கொடுத்து, அவற்றிலுள்ள போக்குகளைக் கணினியே கண்டுபிடிக்க விடுவது. கடந்த காலத்தில் கடனைத் திருப்பிச் செலுத்தாதவர்களின் தரவுகளிலிருந்து, புதிய விண்ணப்பதாரி திருப்பிச் செலுத்துவாரா என்று ஊகிப்பது இவ்வகை. இங்கே விதியை யாரும் எழுதவில்லை. ஆகவே அதை எடுத்துக் காட்டுவதும் கடினம்.

4. தானியங்கித் தீர்மானம்: ஒருவருடைய உரிமையையோ வாய்ப்பையோ பாதிக்கும் முடிவு, மனிதரின் தலையீடு இல்லாமலோ பெயரளவிலான தலையீட்டுடனோ எடுக்கப்படுவது. மேலே சொன்ன இரண்டு முறைமைகளும் இதற்குள் அடங்கும்.

நான்காவது வரைவிலக்கணத்தை ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஒரு முடிவு செயற்கை நுண்ணறிவினால் எடுக்கப்பட்டதா, வெறும் கூட்டல் கழித்தலால் எடுக்கப்பட்டதா என்பது பாதிக்கப்பட்டவருக்கு இரண்டாம் பட்சமான கேள்வி. உலகில் இதுவரை நடந்த பெரிய அநீதிகள் சில, மிக எளிய கணக்குகளால் விளைந்தவை.

யாழ்ப்பாணம் அறிந்த சூத்திரங்கள்

ஒரு சூத்திரம் ஒரு தலைமுறையின் வாழ்க்கையைத் தீர்மானிக்க முடியும் என்பதை யாழ்ப்பாணத்தில் யாரும் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. 1973 ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக அனுமதியில், மாணவர் எடுத்த மூலப் புள்ளிகள் மொழிமூல வாரியாகத் தரப்படுத்தப்பட்டன. அடுத்த ஆண்டு மாவட்டப் பங்கீடும் அதனுடன் சேர்ந்தது. இதை ஓர் அரசியல் வரலாறாகவே நாம் படித்திருக்கிறோம், அது சரியும்கூட. ஆனால் அதே நிகழ்வைச் சட்ட ஆய்வின் கண்ணால் பார்த்தால் வேறொன்றும் தெரிகிறது. கொள்கை முடிவு ஒன்று புள்ளிவிபரவியல் செயலொன்றின் வடிவத்தை எடுத்ததும், அதை எதிர்த்து வாதாடுவது கடினமாயிற்று. ஒரு மாணவரின் விடைத்தாளைத் திருத்தியதில் பிழை இல்லை. கூட்டியதிலும் பிழை இல்லை. அநீதி இருந்தது அளவுகோலில். அளவுகோலை எந்த மேசையில், யாரிடம் கேள்வி கேட்பது என்பதற்கு விடை இருக்கவில்லை.

இரண்டாவது எடுத்துக்காட்டு அண்மையது. 2011 ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையில் பழைய பாடத்திட்டத்தின் கீழ் ஒரு பகுதியினரும் புதிய பாடத்திட்டத்தின் கீழ் இன்னொரு பகுதியினரும் தோற்றினர். வினாத்தாள்கள் வேறு, தோற்றியோரும் வேறு. இருந்தும் இசட் புள்ளி இரு சாராருக்கும் ஒன்றாகச் சேர்த்தே கணிக்கப்பட்டது. இசட் புள்ளி என்பது, மாணவர் பெற்ற புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் (புள்ளிகள் சராசரியைச் சுற்றிப் பரந்திருக்கும் அளவால்) வகுத்துக் கிடைப்பது. வினாத்தாள் கடினமாக இருந்தால் சராசரி தாழும். ஆகவே அதே புள்ளிக்கு இசட் புள்ளி உயரும். பாடங்களுக்கிடையிலான கடினத்தன்மையைச் சமப்படுத்துவதே அதன் நோக்கம்.

சேர்த்துக் கணித்தால் என்ன ஆகும் என்பதை ஒரு சிறு கணக்கில் பார்க்கலாம். இவை விளக்கத்துக்கான எண்கள் மட்டுமே. இலகுவான தாளின் சராசரி 50, கடினமான தாளின் சராசரி 40, இரண்டினதும் நியம விலகல் 10, தோற்றியோர் தொகை சமம் என்று கொள்வோம். இரண்டிலும் ஒவ்வொருவர் 60 புள்ளி எடுக்கிறார்கள். தனித்தனியாகக் கணித்தால் இலகுவான தாளை எழுதியவருக்கு 1.0, கடினமான தாளை எழுதியவருக்கு 2.0 கிடைக்கும். சேர்த்துக் கணித்தால் பொதுச் சராசரி 45, நியம விலகல் ஏறத்தாழ 11.2, ஆகவே இருவருக்கும் ஏறத்தாழ 1.34 கிடைக்கும். கடினமான தாளை எழுதியவர் தனக்குரியதை இழக்கிறார், மற்றவர் தனக்குரியதல்லாததைப் பெறுகிறார். தசமத்தின் மூன்றாம் நான்காம் இடங்களில் மருத்துவ பீடமும் பொறியியல் பீடமும் கைநழுவிப்போகும் நாட்டில் இது சிறிய வித்தியாசம் அன்று.

மாணவர்கள் உயர் நீதிமன்றத்துக்குச் சென்றனர். 2012 இல் நீதிமன்றம் இரு சாராருக்கும் வெவ்வேறாகக் கணிக்கும்படி பணித்தது. "இது நிபுணர்களின் கணிதம், நீதிமன்றம் தலையிடக்கூடாது" என்ற எண்ணம் அங்கே தடையாகவில்லை. வேறுபட்டவர்களை ஒன்றாக நடத்துவதும் சமத்துவ மீறலே என்ற பழைய கோட்பாடு ஒரு புள்ளிவிபரச் சூத்திரத்தின் மீது பிரயோகிக்கப்பட்டது. தானியங்கித் தீர்மானங்கள் பற்றி இலங்கையில் எழுதுவோர் ஐரோப்பியத் தீர்ப்புகளுக்குப் போகுமுன் இந்த வழக்கில் தொடங்குவதே பொருத்தம்.

அஸ்வெசும: இன்றைய எடுத்துக்காட்டு

2002 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் 2023 இல், வறிய குடும்பங்களுக்கு மாதாந்த உதவித்தொகை வழங்கும் அஸ்வெசும திட்டம் தொடங்கியது. விண்ணப்பித்த குடும்பத்தின் கல்வி, சுகாதாரம், பொருளாதார மட்டம், சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு ஆகிய ஆறு தலைப்புகளின் கீழ் 22 சுட்டிகள் பார்க்கப்பட்டன. அவற்றிலிருந்து கிடைத்த புள்ளியின்படி குடும்பங்கள் நான்கு படிகளில் வைக்கப்பட்டன. தொடக்கத்தில் அந்தப் படிகளுக்கான மாதத் தொகை முறையே 2,500, 5,000, 8,500, 15,000 ரூபா. பட்டியல் வெளியானபோது இலட்சக்கணக்கான மேன்முறையீடுகள் குவிந்தன.

இது செயற்கை நுண்ணறிவு அன்று; விதிவழி முறைமை. விதிகள் வர்த்தமானியில் வெளியானவை. அந்த அளவில், பல நாடுகளின் இரகசிய முறைமைகளைவிட இது மேலானது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஒரு குடும்பத்தின் உண்மையான வருமானத்தை அரசால் அறிய முடியாதபோது, வருமானத்துக்குப் பதிலாக வேறு அடையாளங்கள் பார்க்கப்படுகின்றன. மின்பாவனை அவற்றில் ஒன்று. இனி வலிகாமத்தில் இரண்டு பரப்புக் காணியைக் குத்தகைக்கு எடுத்து வெங்காயம் நடும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். கிணற்று மோட்டர் வீட்டு மீற்றரிலேயே ஓடுகிறது. பயிர் நிற்கும் மாதங்களில் கரண்ட் பில் ஏறுகிறது. சூத்திரத்தின் கண்ணில் அது வசதியின் அடையாளம். அந்தக் குடும்பத்துக்கு அது பயிர்க்கடனோடு சேர்ந்த இன்னொரு செலவு. அடுத்து, ரொறன்ரோவில் இருக்கும் உறவினரின் கல்வீட்டைப் பார்த்துக்கொண்டு அதன் பின்னறையில் குடியிருக்கும் ஒரு தாயையும் பிள்ளைகளையும் நினைத்துப் பார்ப்போம். மாபிள் பதித்த தரை அவர்களுடையது அன்று. ஆனால் வீட்டின் நிலையைப் பார்க்கும் கேள்விகளுக்கு அந்தத் தரைதான் விடையாகிறது.

இரு குடும்பங்களும் கற்பனையே. ஆயினும் குடாநாட்டின் எந்த கிராம அலுவலர் பிரிவிலும் இப்படிப்பட்ட வீடுகளைக் காட்ட முடியும். சூத்திரத்தை எழுதியவர்களுக்குக் கெட்ட எண்ணம் இருந்ததென்று இதற்குப் பொருளில்லை. நாடு முழுவதற்கும் ஓர் அளவுகோலை எழுதும்போது ஒரு பிரதேசத்தின் வாழ்க்கை முறை அதற்குள் அடங்காமல் போகிறது. அதைத் திருத்த வழி திறந்துவைப்பதுதான் சட்டத்தின் வேலை.

பிற நாட்டு அனுபவங்கள்

1. அவுஸ்திரேலியா. வரித் திணைக்களத்திடமிருந்த ஆண்டு வருமானத்தை 26 ஆல் வகுத்து, ஒவ்வொரு இரண்டு வாரத்துக்கும் அதே வருமானம் வந்ததாகக் கொண்டு, உதவித்தொகை பெற்றவர்கள் கூடுதலாகப் பெற்றுவிட்டார்கள் என்று கணினி கடன் அறிவித்தல்களை அனுப்பியது. ரோபோடெட் என்று அழைக்கப்பட்ட இத்திட்டம் 2019 இல் நீதிமன்றத்தில் தோற்றது. 2023 ஜூலையில் கதரின் ஹோம்ஸ் தலைமையிலான ஆணைக்குழு அறிக்கை வெளியானது. ஒரு வகுத்தல் கணக்கு மட்டுமே இங்கு நடந்தது. மாதத்துக்கு மாதம் வருமானம் மாறும் கடற்றொழிலாளருக்கும் கூலித்தொழிலாளருக்கும் சராசரி எவ்வளவு பிழையாக அமையும் என்பதை இங்குள்ளவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. நிரூபிக்கும் பொறுப்பும் அங்கே தலைகீழாயிற்று: கடன் இருப்பதை அரசு நிரூபிப்பதற்குப் பதிலாக, கடன் இல்லை என்று ஏழைகள் பழைய சம்பளத் துண்டுகளைத் தேடி நிரூபிக்க வேண்டியிருந்தது.

2. நெதர்லாந்து. மோசடியை ஊகிக்கும் சைரி என்ற முறைமையை 2020 பெப்ரவரி 5 அன்று ஹேக் மாவட்ட நீதிமன்றம் தனிவாழ்வு உரிமைக்கு முரணானதெனத் தீர்ப்பளித்தது. முறைமை எப்படி இயங்குகிறது என்பதை எவரும் சரிபார்க்க முடியாமை முக்கிய காரணம். சிறுவர் பராமரிப்பு உதவியில் ஆயிரக்கணக்கான பெற்றோர் மோசடிக்காரராக நடத்தப்பட்ட விவகாரத்தில் 2021 ஜனவரியில் அந்நாட்டு அரசாங்கமே பதவி விலகியது. நெதர்லாந்துக் குடியுரிமை இல்லாமை அங்கு ஆபத்துச் சுட்டியாகப் பயன்படுத்தப்பட்டிருந்தது.

3. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம். 2023 டிசம்பரில் ஜேர்மனியின் ஷூஃபா கடன் தகவல் நிறுவனம் தொடர்பான தீர்ப்பில், வங்கி ஒரு புள்ளியைப் பெரிதும் நம்பி முடிவெடுக்குமானால், அந்தப் புள்ளியை உருவாக்குவதே தானியங்கித் தீர்மானம் என்று நீதிமன்றம் கூறியது. 2025 பெப்ரவரியில், மாதம் 10 யூரோ பெறுமதியான கைபேசி ஒப்பந்தம் மறுக்கப்பட்ட ஒருவரின் வழக்கில், எந்தத் தரவு எப்படிப் பயன்படுத்தப்பட்டது என்பதை அவருக்குப் புரியும்படி சொல்ல வேண்டும் என்றது. சிக்கலான சூத்திரத்தை அப்படியே நீட்டுவது விளக்கமாகாது. வர்த்தக இரகசியம் என்று சொல்லித் தப்பவும் முடியாது. அது இரகசியமா என்பதை அதிகாரசபையோ நீதிமன்றமோ பார்த்து எடைபோட வேண்டும்.

4. ஐரோப்பிய செயற்கை நுண்ணறிவுச் சட்டம். 2024 ஓகஸ்ட் 1 அன்று வலுவுக்கு வந்து, படிப்படியாக நடைமுறையாகிறது. ஆபத்தின் அளவுக்கேற்பக் கடமைகளை வகுக்கிறது. அரச உதவிக்குத் தகுதி பார்ப்பதும் தனிநபரின் கடன் தகுதி பார்ப்பதும் அதில் உயர் ஆபத்துப் பிரிவில் உள்ளன.

இலங்கைச் சட்டத்தில் இருப்பவை

"இலங்கையில் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் இல்லை, ஆகவே ஒன்றும் செய்ய முடியாது" என்ற பேச்சு பிழையானது.

1. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். நிறைவேற்றப்பட்ட வடிவில் அதன் 18 ஆம் பிரிவு, முற்றிலும் தானியங்கியாக எடுக்கப்பட்ட தீர்மானத்தை மீளாய்வு செய்யக் கோரும் உரிமையைத் தருகிறது. ஆனால் அந்தத் தீர்மானம் மீளமுடியாததும் தொடர்ச்சியானதுமான தாக்கத்தை ஏற்படுத்தியிருக்க வேண்டும், அல்லது ஏற்படுத்தக்கூடியதாக இருக்க வேண்டும். இந்த நிபந்தனை மிக உயர்ந்த வாசற்படி. ஆறு மாதம் நிறுத்தப்பட்ட உதவித்தொகையைப் பின்னர் கொடுத்துவிட்டால் தாக்கம் மீண்டுவிட்டது என்று வாதிடலாம்; அந்த ஆறு மாதத்தில் பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டிருந்தால் அது மீண்டதாகுமா? சட்டத்தின் முக்கிய பாகங்கள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்து பிற்போடப்பட்டன. அதே ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டது.

2. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். இதன் 35 ஆம் பிரிவு போதிய கவனம் பெறாத ஒன்று. எழுத்திலான சட்டமொன்றின் கீழ் ஒருவரைப் பாதிக்கும் முடிவை எடுக்கும் பகிரங்க அதிகாரசபை அலுவலர், அவர் கேட்டால் அந்த முடிவுக்கான காரணங்களை எழுத்தில் கொடுக்க வேண்டும். காரணம் சொல்லும் கடமை அலுவலருடையது. "சிஸ்டம்" என்று ஓர் அலுவலர் அந்தச் சட்டத்தில் இல்லை. மேலும், அரசுடனான ஒப்பந்தத்தின் கீழ் பகிரங்கப் பணியைச் செய்யும் தனியார் நிறுவனமும் அந்தப் பணியின் அளவுக்கு இச்சட்டத்துக்குள் வருகிறது. மென்பொருளைத் தயாரித்த கம்பனியைக் காட்டி ஒதுங்குவதற்கு இது தடையாகும்.

3. அரசியலமைப்பு. 12 (1) ஆம் உறுப்புரையின் சமத்துவத்தை முன்வைத்து, 126 ஆம் உறுப்புரையின் கீழ் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தை நாடலாம். அந்த ஒரு மாதம் பலருக்குப் போதாது. மனித உரிமைகள் ஆணைக்குழுவில் ஒரு மாதத்துக்குள் முறையிட்டால், அங்கு விசாரணை நிலுவையிலுள்ள காலம் இந்தக் கணக்கில் சேராது. ஆணைக்குழுவுக்கு யாழ்ப்பாணத்தில் பிராந்திய அலுவலகம் உண்டு. ஆனால் இந்தப் பரிகாரம் அரசின் நிறைவேற்று, நிருவாகச் செயல்களுக்கு மட்டுமே. லீசிங் கம்பனியின் மறுப்பு இதற்குள் வராது.

4. நிருவாகச் சட்டத்தின் கோட்பாடுகள். ஓர் அலுவலருக்குச் சட்டம் தற்றுணிபை, அதாவது நிலைமையைப் பார்த்துத் தானே முடிவெடுக்கும் அதிகாரத்தை, கொடுத்திருந்தால், அவர் தன் மனத்தைச் செலுத்தியே முடிவெடுக்க வேண்டும். கணினி காட்டிய புள்ளியை வாசித்துக்கூடப் பாராமல் ஒப்பமிட்டால், அவர் தன் தற்றுணிபைத் தானே கட்டிப்போட்டவராகிறார். அரச முடிவொன்றை ரத்துச்செய்யும்படி நீதிமன்றத்தைக் கேட்கும் எழுத்தாணை (ரிட்) மனுவில் இந்த வாதத்துக்கு இடமுண்டு.

ஆய்வு எங்கே நிற்கிறது

கலாநிதிப் பட்டம் பெற்ற ஒரு சட்ட ஆய்வாளர் இரண்டு மூன்று ஆண்டுகளை இதற்கு ஏன் செலவிட வேண்டும்? ஏனெனில் மேலே சொன்ன ஒவ்வொரு விதியிலும் ஒரு சொல் தீர்க்கப்படாமல் கிடக்கிறது.

"முற்றிலும் தானியங்கி" என்பது எது? ஓர் அலுவலர் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான கோவைகளுக்கு ஒப்பமிட்டால், அங்கே மனிதர் இருக்கிறாரா? சட்டவாசகத்தை மட்டும் படித்து இதற்கு விடை காண முடியாது. ஆய்வாளர் அலுவலகத்தில் அமர்ந்து, புள்ளியை மாற்ற அலுவலருக்கு அதிகாரம் உண்டா, மாற்றினால் அவர் யாருக்கு விளக்கம் கொடுக்க வேண்டும், கடந்த ஆண்டில் எத்தனை தடவை மாற்றினார் என்று பார்க்க வேண்டும். மாற்றுவதற்கு மூன்று படிவம் வேண்டும், மாற்றாமல் விடுவதற்கு ஒரு சொடுக்குப் போதும் என்றால், காகிதத்திலுள்ள மனிதத் தலையீடு நடைமுறையில் இல்லை.

"விளக்கம்" என்பது எது என்பதும் அப்படியே. என் மதிப்பீட்டில் இதுவே மிகக் கடினமான முடிச்சு. முறைமை முழுவதையும் விளக்கத் தேவையில்லை. இந்த விண்ணப்பதாரியின் முடிவு எந்தத் தரவினால் இப்படி ஆனது, அந்தத் தரவு வேறாக இருந்திருந்தால் முடிவு மாறியிருக்குமா என்ற இரண்டும் தெரிந்தால், மேன்முறையீடு எழுத ஒருவருக்குப் பிடி கிடைத்துவிடும். கிணற்று மோட்டரின் மின்பாவனைதான் தன்னைத் தள்ளியது என்று அறியாத விவசாயி, தன் மேன்முறையீட்டில் தன் வறுமையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவார். மோட்டரைப் பற்றி ஒரு வரியும் எழுதமாட்டார்.

மூன்றாவது, பெயரும் மொழியும். ஐரோப்பிய ஆய்வுகளில் இதற்கு அதிக இடமில்லை. இங்கிருந்துதான் எழுதப்பட வேண்டும். தெய்வேந்திரம் என்ற ஒரே பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒருவிதமாகவும், அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும், வங்கிப் புத்தகத்தில் மூன்றாவது விதமாகவும் ஆங்கில எழுத்துகளில் கிடக்கிறது. தகப்பன் பெயர் ஓரிடத்தில் முதலெழுத்தாகவும் ஓரிடத்தில் முழுப்பெயராகவும் வருகிறது. இடப்பெயர்வில் ஆவணம் தொலைந்து மறுபிரதி எடுத்தவர்களுக்கு நான்காவது எழுத்துக்கூட்டலும் உண்டு. கிராம அலுவலர் ஆளைப் பார்த்ததும் அறிந்துகொள்கிறார். எழுத்துகளை ஒப்பிடும் மென்பொருளுக்கு அவர்கள் நான்கு பேர். எண்ணிம அடையாள அட்டைத் திட்டம் வந்து எல்லாத் தரவுத்தளங்களும் இணைக்கப்படும்போது, இந்தப் பொருந்தாமை ஒரு தடவை சரிசெய்யப்படலாம், அல்லது ஒரேயடியாக எல்லா இடங்களுக்கும் பரவலாம். எது நடக்கும் என்பது திருத்தம் கோரும் உரிமை எவ்வளவு இலகுவாக எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்தது. அந்தத் திருத்தத்தைத் தமிழில் கோரவும் தமிழில் பதில் பெறவும் வேண்டும். வடக்கிலும் கிழக்கிலும் நிருவாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை கூறுகிறது. கணினித் திரையில் தோன்றும் மறுப்புக் குறிப்பும் நிருவாகத்தின் பகுதியே.

இப்போதே கேட்கக்கூடியவை

அரச உதவியொன்று மறுக்கப்பட்டவர், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்கக்கூடியவை நான்கு:

1. எனது முடிவை எடுத்த அலுவலரின் பதவி என்ன. எந்தச் சட்டப் பிரிவின் கீழ் எடுத்தார்?

2. என்னைப் பற்றிப் பதியப்பட்ட தரவுகள் எவை; ஒவ்வொன்றுக்கும் கொடுக்கப்பட்ட புள்ளி என்ன?

3. தகுதிக்கான எல்லைப் புள்ளி எது. அதற்கு நான் எவ்வளவு குறைவாக அல்லது கூடுதலாக இருந்தேன்?

4. 35 ஆம் பிரிவின்படி, இந்த முடிவுக்கான காரணங்கள் எவை?

தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தகவலைக் கொடுப்பதா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டும். மறுத்தால், குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாட்களுக்குள்ளும், அதன் பின் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு இரண்டு மாதங்களுக்குள்ளும் மேன்முறையீடு செய்யலாம். கடிதத்தில் ஒப்பமிட்டுப் பிரதியொன்றை வைத்துக்கொண்டு, பெற்றுக்கொண்டதற்கான பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்க வேண்டும். திகதிதான் பிறகு எண்ணப்படும்.